லாகோஸ் நகரின் உடைக்கலை

இலண்டன் மாநகரிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1852ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. பல நாட்டு ஆடையணிகளை அரிதின் முயன்று திரட்டிய அந்நிலையம், ஆப்பிரிக்கரின் உடைக்கலையை நெடுங்காலம் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. ஆப்பிரிக்கர் உடை என்றால் பழங்குடிகளின் பண்டை வழக்கமே என்று மேனாட்டார் பலர் எண்ணியிருந்தனர். 2022ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அங்குத் தொடங்கிய ஆப்பிரிக்க ஆடைக் கண்காட்சி அவ்வெண்ணத்தை மாற்ற முற்பட்டது. 20க்கு மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த ஆடை வல்லுநரின் கைவண்ணங்கள் அங்கு வைக்கப்பெற்றன.

அவ்வல்லுநருள் ஒருவர் நைஜீரியப் பெண்மணி ஷாடே தாமஸ் ஃபாம். இலண்டனில் ஆடையமைப்புக் கலை பயின்ற அவ்வம்மையார், தம் நாடு விடுதலை பெற்ற 1960ஆம் ஆண்டில் தாயகம் திரும்பினார். லாகோஸ் நகரில் ஆடைக்கடை திறந்தார். அந்நாளில் நகரச் செல்வர் பலர்க்கு ஐரோப்பிய உடையே பெருமை. அவரோ உள்நாட்டுத் தறியில் நெய்த துணியையே விரும்பி எடுத்தார். யொரூபாப் பெண்டிர் இடையில் சுற்றிக் கட்டும் துணிக்கு ‘ஈரோ’ என்று பெயர். காலையில் அலுவலகத்திற்கு விரையும் பெண்ணுக்கு அதனைப் பாங்காகச் சுற்றி முடியப் பொழுது ஏது? ஆகவே, அதனை ஜிப் வைத்த பாவாடையாகத் தைத்தார். ‘கேலே’ என்னும் தலைத்துணியையும் முன்னரே மடித்துக் கட்டிய நிலையில் ஆக்கித் தந்தார். உடுப்பது எளிதாயிற்று, தோற்றமோ பாட்டியார் உடுத்திய அதே ஈரோ.