இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன்



ரொம்பப் பருமனாக இருப்பவர்களை "குண்டு" என்று கிண்டல் பண்ணுகிறோம். "கம்மியா சாப்பிட்டா சரியாப் போயிடும்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் உடல் பருமன் ஒரு நாள்பட்ட நோய் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்கு ஆபரேஷன்கூட இருக்கிறது. அதைப் பற்றிப் பார்ப்போமா?

எப்படி அளப்பது?

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். எடை கிலோவிலும் உயரம் மீட்டரிலும் இருக்கணும். இதன் பெயர் உடல் நிறை குறியீட்டெண். உதாரணமாக ஒருவர் 110 கிலோ, உயரம் 1.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.
1.6 × 1.6 = 2.56
110 ÷ 2.56 = சுமார் 43
பெரியவர்களுக்கு 30-ம் அதற்கு மேலும் வந்தால் உடல் பருமன். 35-க்கு மேல் போனால் ஆபரேஷன் பற்றி டாக்டர்கள் யோசிப்பார்கள். சர்க்கரை நோயும் இருந்தால் அதற்கு முன்பே யோசிப்பார்கள். நம் வயதுப் பிள்ளைகளுக்குத் தனி அட்டவணை உண்டு. அதனால் இந்தக் கணக்கை நமக்குப் போட்டுப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கொழுப்பை வெட்டி எடுப்பார்களா?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது தவறு. வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே இரைப்பையை மாற்றி அமைக்கிறார்கள்.

1. ஸ்லீவ் முறை: இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மீதி வாழைப்பழம் மாதிரி நீளமாக இருக்கும்.

2. பைபாஸ் முறை: இரைப்பையின் மேலே முட்டை அளவுக்கு ஒரு சின்னப் பை செய்து, அதைச் சிறுகுடலோடு இணைப்பார்கள். சாப்பாடு மீதி இரைப்பைக்குப் போகாது. இந்த முறையை 1966-இல் அமெரிக்காவில் டாக்டர் எட்வர்டு மேசன் தொடங்கினார்.

3. பட்டை முறை: இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி சிலிக்கோன் பட்டை போடுவார்கள். பட்டை நழுவுவது போன்ற தொல்லைகள் வருவதால் இப்போது இதை அதிகம் செய்வதில்லை.

பசி எங்கே போகிறது?

இரைப்பையின் மேல்பகுதியில் கிரெலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. இதுதான் மூளைக்குப் "பசிக்குது" என்று சொல்லும். 1999-இல் ஜப்பான் விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்தார்கள். நாம் பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால் இது இன்னும் அதிகமாகச் சுரக்கும்! அதனால்தான் சிலர் எவ்வளவு முயற்சி செய்தும் குறைந்த எடை திரும்ப ஏறிவிடுகிறது. அது சோம்பேறித்தனம் இல்லை. ஸ்லீவ் முறையில் கிரெலின் சுரக்கும் பகுதியே போய்விடுவதால் பசி குறைகிறது.

ஆபத்து உண்டா?

உண்டு. ரத்தக்கசிவு, தையல் போட்ட இடத்தில் ஒழுகுதல், ரத்தம் உறைந்து கட்டியாதல் ஆகியவை சிலருக்கு வரலாம். முதலில் சில வாரங்கள் நீர் ஆகாரம், பிறகு மசித்த உணவுதான். பைபாஸ் செய்தவர்கள் இனிப்பு அதிகம் சாப்பிட்டால் படபடப்பும் வயிற்றுப்போக்கும் வரும். இரும்புச்சத்து, வைட்டமின் பி12 மாத்திரைகளை வாழ்நாள் முழுதும் சாப்பிட வேண்டும். பழையபடி கண்டதையும் சாப்பிட்டால் எடை மறுபடி ஏறும். வெட்டி எடுத்த இரைப்பை திரும்ப வளராது. ஆகவே இது அழகுக்காகச் செய்யும் ஆபரேஷன் அல்ல. டாக்டர் நன்றாகச் சோதித்த பிறகே செய்ய வேண்டும்.

நண்பர்களே, பசியை உண்டாக்குவது ஹார்மோன் என்று படித்தோம். இனி யாருக்கும் "குண்டு", "பூசணி" என்று பட்டப்பெயர் வைக்காதீர்கள். ரிங்பால் ஆட அவர்களையும் கூப்பிடுங்கள்!