ஓட்டையை அடைச்சாச்சு, சாவியை மாத்தினோமா?

(படிக்கத் தெரிந்த ஒருவர் குழுக் கூட்டத்தில் சத்தமாக வாசித்துக் காட்டவும்)



போன மாதம் எங்கள் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு இண்டர்நெட் பழுது பார்க்க ஒரு தம்பி வந்தார். வேலையை முடித்துவிட்டு, "அக்கா, புது சாஃப்ட்வேர் ஏத்திட்டேன். பாஸ்வேர்டையும் மாத்திடுங்க" என்றார். கணக்காளர் அக்கா உடனே கேட்டார்: "அதான் எல்லாம் புதுசா ஏத்தியாச்சே தம்பி, அப்புறம் எதுக்குப் பாஸ்வேர்டை மாத்தணும்? இருக்கறதை ஞாபகம் வெச்சுக்கறதே பெரும்பாடா இருக்கு."

நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் சொல்ல, வெளிநாட்டில் நடந்த ஓர் உண்மைச் சம்பவத்தைப் பார்ப்போம்.

ரூட்டர் என்றால் என்ன?

அலுவலகத்தில் விளக்கு மினுக்கிக்கொண்டு ஒரு சின்னப் பெட்டி இருக்கிறதே, அதுதான் ரூட்டர். நம் கம்ப்யூட்டரிலிருந்து போகும் தகவலும், வெளியிலிருந்து வரும் தகவலும் அதன் வழியாகத்தான் போய் வருகின்றன. அது வீட்டு வாசற்படி மாதிரி. அந்தப் பெட்டியை நிர்வகிப்பதற்கு ஒரு மென்பொருளும், பெயரும், பாஸ்வேர்டும் உண்டு. அது யார் கையில் கிடைக்கிறதோ, வாசல் அவர் வசம்.

2018-ல் நடந்தது

ஐரோப்பாவில் லாட்வியா என்று ஒரு சிறிய நாடு. அதன் தலைநகர் ரிகாவில் உள்ள மைக்ரோடிக் என்ற நிறுவனம் ரூட்டர் தயாரிக்கிறது. பல நாடுகளில் அதன் ரூட்டர்கள் ஓடுகின்றன. அவற்றை நிர்வகிக்கும் மென்பொருளின் பெயர் வின்பாக்ஸ்.

2018 ஏப்ரலில், ரூட்டரில் வின்பாக்ஸ் வந்து இணையும் வாசலில் ஒரு ஓட்டை இருப்பது தெரிந்தது. எப்படிப்பட்ட ஓட்டை? வாசலில் ஒரு காவலாளி நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் வந்து, "சாவி விவரம் எழுதிய நோட்டைக் கொடு" என்கிறார். காவலாளி, "நீ யாருப்பா?" என்று கேட்காமலே நோட்டை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். பெயரும் பாஸ்வேர்டும் உள்ள கோப்பு அப்படியே வெளியாள் கைக்குப் போய்விட்டது.

"அதுல சங்கேதமாத்தானே எழுதியிருப்பாங்க?" என்று கேட்கலாம். ஆமாம், மாற்றித்தான் எழுதியிருந்தது. ஆனால் மாற்றிய விதம் தெரிந்தவர், திருப்பிப் படித்துவிடலாம். நல்ல முறை வேறு. அரிசியை அரைத்து மாவாக்கினால், மாவை மறுபடி அரிசியாக்க முடியுமா? முடியாது. அதுபோலப் பாஸ்வேர்டை அரைத்து, மாவை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். நாம் பாஸ்வேர்டு அடிக்கும்போது, அதையும் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று மட்டும் பார்க்க வேண்டும். மைக்ரோடிக்கும் பிறகு இந்த முறைக்கு மாறியது.

மருந்து வந்தது, போட்டுக்கொள்ளவில்லை

நிறுவனம் சும்மா இருக்கவில்லை. 2018 ஏப்ரல் 23 அன்றே திருத்திய மென்பொருளை வெளியிட்டது. "புதியதை ஏற்றுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள், வின்பாக்ஸ் வாசலை வெளியாருக்குத் திறந்து வைக்காதீர்கள்" என்றும் சொன்னது. ஆனால் ஏராளமானோர் செய்யவில்லை. பெட்டிதான் ஓடுகிறதே என்று இருந்துவிட்டார்கள்.

ஆகஸ்டு மாதம் வினை வந்தது. முதலில் பெரும்பாலும் பிரேசில் நாட்டில், பிறகு மற்ற நாடுகளிலும், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரூட்டர்கள் திருடர்கள் வசமாயின. அந்த ரூட்டர் வழியாக இணையம் பார்த்தவர்களின் கம்ப்யூட்டர்கள், அவர்களுக்கே தெரியாமல், யாரோ ஒருவருக்கு டிஜிட்டல் பணம் உண்டாக்கும் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தன. நம் வீட்டுக் கிரைண்டரில் ஊரான் மாவாட்டி எடுத்துப்போக, கரண்டு பில் நாம் கட்டுவது போல!

கதை அதோடு முடியவில்லை

2021 செப்டம்பரில் ரஷ்யாவின் யாண்டெக்ஸ் நிறுவனத்தின் மீது பெரிய தாக்குதல் நடந்தது. நொடிக்கு 2 கோடிக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் வந்து குவிந்தன. அனுப்பியவை எவை என்று பார்த்தால், பல ஊர்களில் இருந்த ரூட்டர்கள். அப்போது மைக்ரோடிக் ஒரு விளக்கம் கொடுத்தது: இவை 2018-லேயே கைப்பற்றப்பட்ட ரூட்டர்கள், ஓட்டையை அடைத்தாலும், அன்றைக்கே பாஸ்வேர்டு வெளியே போயிருந்தால், மென்பொருளைப் புதுப்பிப்பது மட்டும் போதாது, பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும்.

கணக்காளர் அக்காவின் கேள்விக்கு இதுதான் பதில். சுவரில் இருந்த ஓட்டையைப் பூசிவிட்டோம். ஆனால் அதற்குள் திருடன் சாவிக்கு நகல் எடுத்திருந்தால்? இனி அவன் ஓட்டையைத் தேட மாட்டான். நேராக வாசல் வழியே வருவான்.

நம் நிலைமை என்ன?

வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறோம். அன்று நாங்கள் உட்கார்ந்து பார்த்தபோது, ரூட்டருக்கு மூன்று வருடமாக ஒரே பாஸ்வேர்டு. கூட்டமைப்பின் பெயரும் 123-ம்! மின்னஞ்சலுக்கும் அதேதான். வங்கிக் கணக்கைப் பார்ப்பதற்கும் அதேதான். வேலையை விட்டுப்போன இரண்டு பேருக்கும் அது தெரியும். அவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் 14 குழுக்களின் சேமிப்பும் கடன் தவணையும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. பணப்பெட்டியை ஒருவரிடமும் சாவியை இன்னொருவரிடமும் கொடுத்துப் பழகிய நாம், இதில் மட்டும் எப்படிக் கோட்டை விட்டோம்?

செய்ய வேண்டியவை

1. சாஃப்ட்வேர் புதுப்பிக்கச் சொல்லி அறிவிப்பு வந்தால் "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளாதீர்கள். ரூட்டருக்கும் உண்டு. பொருத்தியவரிடம் கேளுங்கள்.

2. முதலில் புதுப்பியுங்கள், பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். வரிசை முக்கியம். ஓட்டை இருக்கும்போதே மாற்றினால் புதிய பாஸ்வேர்டும் போய்விடும்.

3. ரூட்டருக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று என்று தனித்தனியாக வையுங்கள். ஒன்று போனாலும் மற்றவை தப்பும்.

4. "வெளியே இருந்து இந்த ரூட்டருக்குள்ள வர முடியுமா தம்பி? தேவையில்லைன்னா மூடிடுங்க" என்று தயங்காமல் கேளுங்கள்.

5. நிர்வாகிகள் மாறும்போதும், ஊழியர் போகும்போதும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். யார் யாருக்குத் தெரியும் என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். பாஸ்வேர்டை அதில் எழுத வேண்டாம்.

6. பணம் பறிபோனால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள்.

அன்று மாலையே எங்கள் கணக்காளர் அக்கா எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். "பெரும்பாடுதான். ஆனா பதினாலு குழுவுக்குப் பதில் சொல்றதை விட இது சின்னப்பாடு" என்றார்.

குழுவில் கலந்து பேசுங்கள்

உங்கள் குழுவின் வங்கிக் கணக்கைப் போனில் பார்ப்பவர் யார்? அந்தப் பாஸ்வேர்டு எத்தனை பேருக்குத் தெரியும்? கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? அடுத்த கூட்டத்துக்குள் மாற்றிவிட்டுத் தீர்மானம் எழுதுங்கள்.