லேசான சளியா? ஊசி போடலாம்

புதன்கிழமை ஊசி நாளில், ஊசியே வேண்டாம் என்பவர்களோடு எனக்கு அதிகம் வாக்குவாதம் வருவதில்லை. 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் கிளம்பிய புரளிகூடப் பேசிப் பேசி அடங்கியது. அடங்காதது, “லேசா சளி புடிச்சிருக்கு நர்ஸம்மா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்” என்று பேரனைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் பாட்டிகளின் குரல். அடுத்த வாரம் காதுகுத்து, அதற்கடுத்த வாரம் ஊர்த் திருவிழா. இப்படியே மாதங்கள் ஓடிவிடும். மூக்கு ஒழுகலும் லேசான சூடும் ஊசிக்குத் தடையே இல்லை. உடம்பு அனலாய்க் கொதித்தால் மட்டும் தணியும்வரை பொறுக்கலாம்.

ஒன்பது மாதம் முடிந்ததும் போடும் தட்டம்மை–ரூபெல்லா ஊசியைத்தான் அதிகம் தள்ளிப்போடுகிறார்கள். தட்டம்மை என்பது நம் ஊர் மணல்வாரி. முதலில் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு. சில நாள் கழித்துத்தான் காதுக்குப் பின்னாலும் முகத்திலும் செந்தடிப்பு கிளம்பிக் கீழே இறங்கும். நீர் கோத்த கொப்புளமென்றால் பெரும்பாலும் சின்னம்மை, அது வேறு. தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே மணல்வாரி பரவும். இருமிய பிள்ளை எழுந்து போன அறையிலும் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் இருக்கும். பார்த்து ஒதுங்கிக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம்.

வாசலில் வேப்பிலை செருகுவதை நான் தடுப்பதில்லை. வீட்டுக்கு வரும் கூட்டமாவது குறையும். ஆனால், ‘அம்மைக்கு ஆஸ்பத்திரி ஆகாது’ என்று பிள்ளையை உள்ளேயே வைத்திருப்பதை விடமாட்டேன். மணல்வாரியில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் நிமோனியாதான். மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வைட்டமின் ஏ திரவமும் கொடுப்பார்கள். பார்வையைக் காக்க அது அவசியம்.

இன்னொன்று. தொடையில் போடும் பெண்டாவேலன்ட் ஊசிக்கு அன்றைக்கோ மறுநாளோ காய்ச்சல் வரும். தட்டம்மை ஊசிக்கோ ஒரு வாரம், பத்து நாள் கழித்து வரலாம், சிலருக்கு லேசான தடிப்போடு. “ஊசி போட்டும் அம்மை வந்துருச்சே!” என்று சண்டைக்கு வருவது அப்போதுதான். அது இரண்டு மூன்று நாளில் தானே அடங்கிவிடும்.

தவணை தவறியிருந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போடலாம். தட்டம்மை–ரூபெல்லா ஊசியை ஐந்து வயது வரை அரசு இலவசமாகவே போடுகிறது. கலக்கிய மருந்தை நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதனால் சமையலை முடித்துவிட்டு மதியம் வராதீர்கள்; அட்டையோடு காலையிலேயே வந்துவிடுங்கள்.