தடையும் திரான்சிற்றரும்: வீட்டில் செய்து பார்க்கக்கூடிய பரிசோதனைகள்

க.பொ.த. சாதாரண தர விஞ்ஞானப் பாடத்தில் இலத்திரனியல் ஓர் அலகாக உள்ளதை யாவரும் அறிவர். எனினும், படத்தை மனனம் செய்து வரையும் பிள்ளைகளுட் பலர் ஒரு திரான்சிற்றரைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. வானொலி திருத்தும் கடைகளிற் சொற்ப விலைக்குக் கிடைக்கும் பொருட்களே இதற்குப் போதும். 9 வோல்ற்றுப் பற்றரி ஒன்று, சிவப்பு எல்.ஈ.டி. ஒன்று, 470 ஓம், 1,000 ஓம், 10,000 ஓம் தடையிகள், பி.சி. 547 திரான்சிற்றர் ஒன்று, சிறிது வயர். வீட்டு மின்னை மட்டும் ஒருபோதும் தொடவேண்டாம்.

முதலில் தடை. பற்றரியின் நேர் முனையிலிருந்து 470 ஓம் தடையி (மஞ்சள், ஊதா, கபிலம்), அடுத்து எல்.ஈ.டி.யின் நீண்ட கால், குறுகிய கால் எதிர் முனைக்கு. எல்.ஈ.டி. ஏறத்தாழ 2 வோல்ற்றை எடுக்க, மிகுதி 7 வோல்ற்று தடையிக்கு. ஏழை 470ஆல் வகுத்தால் ஏறத்தாழ 15 மில்லி அம்பியர். 1,000 ஓமை வைத்தால் 7. 10,000 ஓமை வைத்தால் 0.7. வெளிச்சம் படிப்படியாக மங்குவதைக் கண்ணாற் காணலாம். ஓம் விதி இதுவே. தடையி இல்லாமல் இணைத்தால் எல்.ஈ.டி. எரிந்துபோகும்.

இனித் திரான்சிற்றர். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பார்டீன், பிராற்றைன் ஆகிய இருவரும் இதனை முதன்முதலில் இயக்கிக் காட்டினர். சொக்லியும் சேர்த்து மூவருக்கும் 1956இல் நோபல் பரிசு கிடைத்தது. எழுதுவினைஞனாக இருந்த எனக்கு இதன் வேலை இலகுவில் விளங்கியது: அதிகாரியின் சிறு கையொப்பம் பெருந்தொகைக் கொடுப்பனவைத் திறந்துவிடுகிறதல்லவா? அடியில் நுழையும் மிகச் சிறிய மின்னோட்டம், சேகரிப்பானிலிருந்து காலிக்குச் செல்லும் நூறு மடங்குக்கும் மேலான மின்னோட்டத்தைத் திறந்துவிடுகிறது.

பி.சி. 547இன் தட்டையான முகம் நம்மை நோக்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் இடமிருந்து வலமாகச் சேகரிப்பான், அடி, காலி. (வேறு இலக்கத் திரான்சிற்றர்களில் இவ்வொழுங்கு மாறும், கடைக்காரரிடம் கேட்டுக்கொள்க.) காலியை எதிர் முனைக்கு இணைக்கவும். நேர் முனையிலிருந்து 470 ஓம், எல்.ஈ.டி. வழியாகச் சேகரிப்பானுக்கு வரவும். அடியில் 10,000 ஓம் தடையியை இணைத்து, அதன் மறுமுனையில் ஒரு வயரை வெறுமனே விடவும். நேர் முனையிலிருந்தும் இன்னொரு வயரை வெறுமனே விடவும்.

அவ்விரு வயர் நுனிகளையும் ஒரு கையின் இரு விரல்களால் அழுத்திப் பிடித்தால் எல்.ஈ.டி. மங்கலாக ஒளிரும். விரல்களை நனைத்துவிட்டுப் பிடியுங்கள், வெளிச்சம் நன்றாகக் கூடும். பிள்ளைகள் இதனை விளையாட்டாகவே பார்ப்பர். பெரியவர்கள் இவ்விடத்திற் சற்று நின்று யோசிக்க வேண்டும். உலர்ந்த தோலின் தடை ஓர் இலட்சம் ஓமையும் தாண்டலாம். நனைந்த உடம்பின் தடையோ ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ற்றை ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள்: 230 மில்லி அம்பியர். வீட்டு ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழும்படி செய்யப்பட்டிருப்பது ஏனென்று அப்போது விளங்கும். திருவிழா நாட்களில் தோய்ந்த ஈரவேட்டியுடன் மின்குமிழ் மாலைகளைத் தொடுவோருக்கு இக்கணக்கைப் பிள்ளைகளே சொல்லிக் கொடுக்கட்டும்.

இதே சுற்றில் 470 ஓம் தடையியையும் எல்.ஈ.டி.யையும் எடுத்துவிட்டு, அவ்விடத்தில் 9 வோல்ற்றில் இயங்கும் சிறிய பஸரை, அதன் சிவப்பு வயர் நேர் முனைப் பக்கம் வரும்படி இணைக்கலாம். வெறுமனே விட்ட இரு நுனிகளையும் பிளாஸ்ரிக் தண்ணீர்த் தாங்கியின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே, ஒன்றையொன்று தொடாமற் கட்டிவிட்டால், தண்ணீர் அங்கு எட்டியதும் சத்தம் வரும்; மோட்டரை உடனே நிறுத்தலாம். வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணக்கற் படுகையில் தங்கும் மழைநீரே நமது கிணற்று நீர். நாளடைவில் வயர் நுனிகள் கறுத்துவிடும். மாதம் ஒருமுறை பற்றரியைக் கழற்றிவிட்டு உரசித் துடைத்தாற் போதும்.