நயாகராப் பாலம் தாண்டுமுன் கொழும்பில் முடிக்கவேண்டியவை

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகளை ஸ்காபரோவுக்கு அனுப்பிவிட்டு இருக்கும் வீடுகள் ஏராளம். பெற்றோர் கனடா விசாவில் போய்ச் சேர்ந்து குளிர் பழகியதும் பிள்ளைகளிடமிருந்து ஒரு யோசனை வரும்: காரிலேயே எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போய் வருவோம். பிட்ஸ்பேர்க் வெங்கடேஸ்வரர் கோயில், லூயிஸ்டனில் பாத்திமா அன்னை திருத்தலம், நியூ ஜேர்சியில் சொந்தக்காரர் வீடு என்று பட்டியல் நீளும். தீவில் பிறந்த நமக்குத் தரைவழி எல்லை பழக்கமில்லாத விஷயம். விமானம் ஏறுமுன் யாராவது விசாவைப் பார்த்து, குறை இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். எல்லைப் பாலத்தில் அப்படி முன்கூட்டிச் சொல்ல ஒருவரும் இல்லை. மறுகரை போன பிறகுதான் குறை தெரியவரும்.

ஆகவே முதல் வேலை கொழும்பில். கனடா விசா இருந்தால் அமெரிக்காவுக்கும் போகலாம் என்று நம்பி வந்தவர்கள் பலரைக் கண்டிருக்கிறேன். போக முடியாது. இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர் ஒரு மணி நேரம் நயாகரா அருவி பார்க்கப் போனாலும் அமெரிக்க விசா வேண்டும். மகனுக்குக் கனடாவின் நிரந்தர வதிவிட அட்டை கிடைத்திருந்தாலும், கடவுச்சீட்டு இன்னும் இலங்கையுடையது என்றால் அவருக்கும் வேண்டும். "அங்கே போய் ரொறன்ரோவில் எடுக்கலாம்" என்ற பழைய ஆலோசனையை மறந்துவிடுங்கள். சொந்த நாட்டில் அல்லது வதியும் நாட்டில்தான் வருகை விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று 2025 செப்டெம்பரில் அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம் அறிவித்துவிட்டது. மகள் வீட்டில் நாலு மாதம் நிற்பது வதிவது ஆகாது. எனவே டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, காலி வீதி அமெரிக்கத் தூதரகத்தில் நேர்முகத்தை முடித்துக்கொண்டு விமானம் ஏறுங்கள். பழைய கடவுச்சீட்டில் செல்லுபடியான விசா இருந்தால் அதைக் கிழிக்காமல், புதியதோடு சேர்த்துக் கொண்டுபோனால் போதும்.

எல்லாரும் தடுக்கி விழும் இடம் அடுத்தது: கனடாவுக்குத் திரும்பி வருவது. போகும் அவசரத்தில் இதை யாரும் நினைப்பதில்லை. உங்கள் கனடா விசா ஒருமுறை நுழைவுக்கு மட்டும் என்றாலும், அல்லது அதன் திகதி முடிந்திருந்தாலும், இரண்டு நிபந்தனைகள் நிறைவேறினால் அமெரிக்காவிலிருந்து திரும்ப நுழையலாம். முதல் நிபந்தனை, நீங்கள் அமெரிக்காவுக்கு மட்டுமே போயிருக்க வேண்டும். அங்கிருந்து மெக்சிக்கோவுக்கோ கப்பலில் பஹாமாஸுக்கோ போயிருந்தால் சலுகை போய்விடும். மற்றது, கனடாவில் தங்க உங்களுக்குத் தந்த காலம் முடிந்திருக்கக் கூடாது. விசாத் திகதி வேறு, தங்கும் காலம் வேறு. அதிகாரி வேறு திகதி எழுதாவிட்டால் தங்கும் காலம் நுழைந்த நாளிலிருந்து ஆறு மாதம். சூப்பர் விசாவில் வந்த பெற்றோருக்கு ஐந்து வருடம் வரை. பாலம் தாண்டித் திரும்பினால் ஆறு மாதம் புதிதாகத் தொடங்கும் என்று நம்பி விமானச் சீட்டின் திகதியை மாற்றாதீர்கள். சூப்பர் விசாக்காரர் மருத்துவக் காப்புறுதிப் பத்திரத்தையும் காரில் வைத்திருக்க வேண்டும். திரும்பி நுழையும்போது கேட்கலாம். அந்தக் காப்புறுதி அமெரிக்காவில் செல்லுமா என்பதைப் புறப்படுமுன் வாசித்துப் பாருங்கள். எலும்பு முறிந்த பிறகு வாசித்துப் பயனில்லை.

அகதிக் கோரிக்கை இன்னும் தீராமல் கனடாவில் இருப்பவர் காரில் இருந்தால், வழக்கறிஞரைக் கேட்காமல் அவரை எல்லைப் பக்கமே கூட்டிப்போகக் கூடாது.

யார் ஓட்டுவது? பிள்ளைதான். அப்பா கொழும்பில் நாற்பது வருடம் ஓட்டியவராக இருக்கலாம். இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர் வலப்பக்க வீதியில் முதல் நீண்ட பயணமாக எல்லையைத் தெரிவு செய்யக் கூடாது. அவசரத்துக்கு அவரும் ஓட்டத்தான் வேண்டும் என்றால், சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தை இலங்கை ஓட்டோமொபைல் சங்கத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். கொழும்பு 3இல், மாக்கான் மாக்கார் மாவத்தையில் இருக்கிறது. ஒரு வருடத்துக்குச் செல்லும். கனடாவில் நின்றுகொண்டு கனடாக்காரரிடம் அதை எடுக்க முடியாது. இலங்கை அனுமதிப்பத்திரத்தின் மூலப்பிரதியும் கையில் இருக்க வேண்டும். தன் பெயரைக் காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரியப்படுத்தாமல் அவர் சுக்கானைத் தொடக் கூடாது.

காருக்கு: பதிவுப் பத்திரம், காப்புறுதி அட்டை. கார் நண்பருடையது என்றால் அவர் கையெழுத்திட்ட கடிதம். வாடகைக் கார் என்றால் எல்லை தாண்ட அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். பேரப்பிள்ளை தாய் தகப்பனில் ஒருவரோடு மட்டும் வந்தால் மற்றவரின் சம்மதக் கடிதம்.

பிறகு ஐ-94. அமெரிக்காவுக்குள் எதுவரை நிற்கலாம் என்ற பதிவு அது. விசாவில் தரைவழி போகும் ஒவ்வொருவரும் அதற்குப் பணம் கட்ட வேண்டும்; 2025 செப்டெம்பர் 30 முதல் 6 டொலர் 30 டொலராகிவிட்டது. பயணத்துக்கு முந்திய 7 நாளுக்குள் இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டிவிட்டால் பாலத்தில் நேரம் மிச்சம். அப்படிச் செய்திருந்தாலும் காரை ஓரங்கட்டி உள்ளே வரச் சொல்வார்கள், கைரேகையும் படமும் எடுப்பார்கள். விசாவில் வருபவருக்கு இது வழமை. அம்மாவுக்கு முதலே சொல்லி வையுங்கள், பயந்துவிடுவார்.

கேள்விகளில் ஒன்றுதான் நம்மவரைக் குழப்பும்: "எங்கே வசிக்கிறீர்கள்?" ஸ்காபரோ என்று வாயில் வந்துவிடும். கொழும்பு என்று சொல்லுங்கள். மகன் வீட்டுக்கு வந்து நிற்கிறேன், ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவேன். உண்மை அவ்வளவுதான், அதற்கு மேல் கதை வேண்டாம். கேட்டது உங்களை என்றால் மருமகன் பதில் சொல்லக் கூடாது.

சாப்பாட்டுச் சாமானில் கறிவேப்பிலையைக் கட்டாயம் எடுத்து வெளியே வையுங்கள். தோடை, எலுமிச்சை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வாழும் என்பதால் அமெரிக்கா தடுத்திருக்கிறது. மாம்பழம், இறைச்சிக் கறி, முருங்கைக்காய் எல்லாவற்றையும் வீட்டிலேயே விடுவது என் விதி. இருப்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். சொன்னால் பொருள் மட்டும்தான் போகும், ஒளித்தால் தண்டமும் வரும். கொழும்புப் பாமசியில் கடதாசி உறையில் போட்டுத் தந்த குளிசைகளைக் கொண்டுபோகாமல், பெயர் அச்சிட்ட பெட்டியோடும் வைத்தியரின் ஆங்கிலக் கடிதத்தோடும் போங்கள்.

மறுகரையில் வேகப் பலகை மைலில் இருக்கும். 65 என்றால் கிட்டத்தட்ட 105 கிலோமீற்றர். நியூயோர்க் நகருக்குள் சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பக் கூடாது, பலகை அனுமதித்தால் தவிர.

கடைசியாகப் பாதை. நயாகராவில் வேர்ல்பூல் பாலம், முன்னரே அனுமதி பெற்ற நெக்ஸஸ் அட்டைக்காரருக்கு மட்டும். தொலைபேசி வழிகாட்டி அங்கே இழுத்தால் கேட்காதீர்கள். ரெயின்போ, லூயிஸ்டன், பஃபலோ பக்கம் பீஸ் பாலம் ஆகிய மூன்றில் ஒன்றை முதல் நாளே தெரிவு செய்யுங்கள். பாலத்தில் ஏறிய பிறகு நடுவில் திரும்ப வழியில்லை. விசா இல்லாத ஒருவரை ஏற்றிக்கொண்டு "கேட்டுத்தான் பார்ப்போமே" என்று போகாதீர்கள். அங்கே மறுக்கப்பட்டால் அது பதிவாகும், அடுத்த விசா விண்ணப்பத்தில் அதைக் கேட்பார்கள். விசா இல்லையென்றால் கனடாக் கரையில் நில்லுங்கள். மூன்று அருவிகளும் அங்கிருந்துதான் முகத்துக்கு நேரே தெரிகின்றன.