வைத்தியச் செலவுக்காக விழுந்த மரங்கள்

ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கள் இந்தோனேசிய ஹாஜிகளைக் கவனித்திருப்பார்கள். குழுக் குழுவாக, ஒரே நிற உடையில், ஒருவர் பின் ஒருவராக ஒழுங்காகப் போவார்கள். அதே நாட்டில், போர்னியோ தீவின் மேற்குப் பக்கத்தில், மழைக்காட்டை ஒட்டி வாழும் முஸ்லிம்களைப் பற்றி நமக்கு அவ்வளவாகத் தெரியாது. இந்த இதழின் பாடத்திற்கு அந்த ஊர்களை எடுத்துக் கொண்டோம். வீட்டுக்குள் வரும் நோய்க்கும் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் காட்டுக்கும் உள்ள தொடர்பு அங்கே நன்றாகப் புரிகிறது.

போர்னியோவின் இந்தோனேசியப் பகுதியைக் கலிமந்தான் என்பார்கள். மேற்குக் கலிமந்தானின் தலைநகர் பொந்தியானாக், பூமத்திய ரேகையின் மேலேயே அமைந்த நகரம். அங்கிருந்து தெற்கே, ஆறும் கழியும் கடலோரமுமாகப் படகில் பல மணி நேரம் போனால் காயோங் உத்தாரா மாவட்டம் வரும். 2007இல்தான் தனி மாவட்டமானது. அதன் தலைமை ஊர் சுகாடானா. ஒரு காலத்தில் வைர வியாபாரத்திற்குப் பேர்போன துறைமுக ராஜ்யம். 1622இல் ஜாவாவின் மாதாராம் படை வந்து பிடித்தது. இன்று அது ஒரு சிற்றூர். ஊருக்குப் பின்னால் 1,116 மீட்டர் உயரமுள்ள குனுங் பாலுங் மலை. அதைச் சூழ்ந்து ஏறத்தாழ ஒரு லட்சம் ஹெக்டேர் காடு. 1990இல் இது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஓராங் ஊத்தான் என்னும் பெரிய வாலில்லாக் குரங்குகள் வாழும் காடு இது.

காட்டைச் சுற்றிப் பல சிற்றூர்கள். கரையோரத்தில் மலாய் முஸ்லிம்கள், உள்ளே போகப் போக தாயாக் மக்கள், இடையிடையே ஜாவா, பாலி தீவுகளிலிருந்து அரசாங்கம் குடியேற்றிய குடும்பங்கள். மலாய் முஸ்லிம்கள் நம் கடற்கரை ஊர்களைப் போலவே ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். பேச்சைக் கேட்டால் இன்னும் நெருக்கமாகத் தோன்றும். கடைக்கு கெடாய், கப்பலுக்கு காப்பால், பெட்டிக்கு பெத்தி. மார்க்கம் தெரிந்த ஊர்ப் பெரியவரை லெபாய் என்பது மலாய் வழக்கு. நம் லெப்பைதான் அது. அவர்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு பெலெக்காட் என்று பெயர் வந்தது பழவேற்காட்டிலிருந்து. நம் முன்னோர் வியாபாரத்தோடு இவ்வளவையும் கொண்டு போய்ச் சேர்த்திருக்கிறார்கள்.

வீடுகள் தரையில் இல்லை, மரக்கால்களின் மேல் நிற்கின்றன. பெலியான் என்ற இரும்பு மரத்தில் கால் நட்டால் தலைமுறை கடந்தும் உளுக்காது. மழைக்குக் குறைவே இல்லை. காட்டுப் பகுதியில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. தமிழ்நாட்டின் சராசரி 1,000 மில்லிமீட்டர் கூட இல்லை. ஆனாலும் தாழ்நில ஊர்களில் குடிதண்ணீருக்குத் தட்டுப்பாடு உண்டு. பல்லாயிரம் ஆண்டுகளாக உதிர்ந்த இலையும் வேரும் முழுதாக மக்காமல் நீரில் ஊறிக் கிடக்கும் நிலம் அது. பீட் நிலம் என்பார்கள். அதிலிருந்து ஊறும் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும், புளிக்கும். ஆகவே கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துத்தான் குடிக்கிறார்கள். மழை பொய்த்த மாதங்களில் அந்த பீட் நிலமே பற்றி எரியும். மேலே அணைத்தாலும் அடியில் கனன்று கொண்டிருக்கும். 2015இல் இந்தோனேசியா முழுவதும் சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. கலிமந்தானில் வாரக்கணக்கில் புகை மூடிக் கிடந்தது.

பிழைப்பு என்று பார்த்தால் நெல், ரப்பர், மீன், பருவத்தில் துரியான் பழம். காட்டுத் துண்டை வெட்டி எரித்து, சாம்பல் உரத்தில் நெல் விதைப்பது பழைய முறை. சில வெள்ளாமையில் நிலம் ஓய்ந்து போகும். பிறகு வேறு துண்டு தேட வேண்டும். ரசாயன உரம் வாங்கக் கையில் காசு இருக்காது.

சோற்றுக்குப் பெரிய கஷ்டம் இல்லாத வீட்டிலும் ரொக்கம் என்பது அரிது. இதுதான் கவனிக்க வேண்டிய இடம். அரிசியும் மீனும் வீட்டில் உண்டு, ஆனால் மருத்துவமனையில் அரிசியை வாங்கிக் கொள்ள மாட்டார்கள். மலேரியா, காசநோய், பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. விறகுப் புகையாலும் கிராம்பு சிகரெட்டாலும் வரும் நெஞ்சு நோய். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருந்தன; 1989 முதல் கிராமங்களுக்கு மருத்துவச்சிகளையும் அனுப்பி வந்தார்கள். ஆனால் பிரசவம் சிக்கலாகி வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுக்க வேண்டும் என்றால் கேத்தாபாங் போன்ற நகரத்திற்குத்தான் போயாக வேண்டும். படகு அல்லது வண்டிக் கூலி, அறுவைச் செலவு, உடன் போகிறவர்களின் சாப்பாடு என்று ஒரு குடும்பத்தின் ஓராண்டு வருமானமே போதாமல் போகும்.

நம் ஊரில் அப்படி ஒரு நெருக்கடி வந்தால் முதலில் நகை அடகுக் கடைக்குப் போகும். மருத்துவ உதவி கேட்டு நம்மிடம் வரும் மனுக்களோடு அடகுச் சீட்டும் இணைந்திருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அந்த ஊர்களில் அடகு வைக்க நகை இல்லை, காடுதான் இருந்தது. மர வியாபாரி, அங்கேயும் அவருக்குத் தவுக்கே என்றுதான் பெயர், முன்பணம் தருவார். அதை வாங்கியவர் மெஷின் ரம்பத்தோடு காட்டுக்குள் போவார். விழுந்த இடத்திலேயே மரத்தைப் பலகையாக அறுத்து, தோளிலும் மரத் தண்டவாளத்திலும் கால்வாயிலும் வெளியே கொண்டு வருவார்கள். ரம்பம் காலில் பட்டாலோ மரம் மேலே விழுந்தாலோ மறுபடி மருத்துவச் செலவு, மறுபடி முன்பணம். 1998இல் சுஹார்த்தோ ஆட்சி விழுந்த பின் கண்காணிப்பு தளர்ந்து இது பெருகியது. 1985க்கும் 2001க்கும் இடையில் கலிமந்தானின் பாதுகாக்கப்பட்ட தாழ்நிலக் காடுகளில் 56 விழுக்காட்டுக்கு மேல் அழிந்து போனதாக செயற்கைக்கோள் படங்கள் காட்டின. பெரிய கம்பெனிகளின் பங்கும் செம்பனைத் தோட்டங்களின் பங்கும் இதில் அதிகம். எல்லாப் பழியையும் ஏழையின் தலையில் கட்டுவது நியாயமாகாது. ஆனால் இந்தப் பூங்காவின் ஓரங்களில் ரம்பம் பிடித்த கை பெரும்பாலும் பக்கத்து ஊர்க் கைதான்.

1993இல் ஓராங் ஊத்தானைப் பற்றி ஆராய வந்த கினாரி வெப் என்ற அமெரிக்க மாணவி, மரம் வெட்டுகிறவர்கள் எதற்காக வெட்டுகிறார்கள் என்பதைக் கண்டு, ஊர் திரும்பி மருத்துவம் படித்தார். இந்தோனேசியப் பல் மருத்துவர் ஹோட்லின் ஓம்புசுங்கு அவரோடு சேர்ந்தார். 2007இல் சுகாடானாவில் ஒரு சிறு மருத்துவமனை தொடங்கியது. அதன் பெயர் ஆலம் சேஹாத் லெஸ்தாரி, சுருக்கமாக அஸ்ரி. ஆலமும் ஸிஹ்ஹத்தும் நமக்குத் தெரிந்த அரபுச் சொற்கள்தாம்.

வேலை தொடங்கும்போது அவர்கள் செய்த காரியத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டார்கள். பேசுவதற்கல்ல, கேட்பதற்கு. "காட்டைக் காப்பாற்றித் தருகிறீர்கள், உலகத்துக்கே உபகாரம். அதற்கு ஈடாக உங்களுக்கு என்ன வேண்டும்?" என்பது கேள்வி. நானூறு மணி நேரத்துக்கு மேல் இப்படிக் கேட்டார்கள். ஊர்கள் வெவ்வேறு, பதில் ஏறக்குறைய ஒன்று: கைக்கு எட்டும் செலவில் நல்ல வைத்தியம் வேண்டும், உரம் வாங்காமல், நிலம் மாறாமல் விவசாயம் செய்யக் கற்றுத் தர வேண்டும். ஆலோசனை சொல்ல ஆள் தேடிப் போகும்போது நாமெல்லாம் பட்டணத்தில் இருப்பவரைத்தான் தேடுகிறோம்.

கட்டணத்தைப் பணமாகத்தான் தர வேண்டும் என்பதில்லை. மரக்கன்று கொண்டு வரலாம், மாட்டுச் சாணம் கொண்டு வரலாம், பாய் முடைந்து தரலாம், சில நாள் வேலை செய்யலாம். கன்றுகள் எரிந்த காட்டில் நடப்பட்டன, சாணம் விவசாயப் பயிற்சித் தோட்டத்துக்குப் போனது. முழுதும் இலவசமாகவே செய்திருக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். செலவின் பெரும்பகுதி நன்கொடையில்தான் நடக்கிறது என்பதால், கன்றை வாங்கிக் கொள்வதால் கணக்கு நேராகிவிடப் போவதில்லை. ஆனால் கன்று வளர்த்துக் கொண்டு வந்த பெண், கையேந்தி வந்தவராக இல்லாமல் கட்டணம் கட்டியவராக வீடு திரும்புகிறார். உதவி வாங்க வருகிறவர் பின்வாசல் வழியாக வந்து போவதைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு இது சிறிய விஷயமாகப் படவில்லை.

இன்னொரு ஏற்பாட்டில் எங்களுக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. மரம் வெட்டு நின்று போன ஊர்க்காரர்களுக்குக் கட்டணத்தில் அதிகத் தள்ளுபடி, வெட்டு நடக்கும் ஊருக்குக் குறைவு. யாரையும் திருப்பி அனுப்புவதில்லை என்றாலும், ரம்பத்தைத் தொட்டே அறியாத ஒரு கிழவி, ஊரில் யாரோ வெட்டுவதற்காகக் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கிறது. ஊரே ஊரைத் திருத்தட்டும் என்பது அவர்கள் வாதம். அது பலித்ததையும் மறைக்க முடியாது.

விதவைகளுக்கு ஆடு கொடுத்தார்கள். ஈன்ற குட்டியில் திருப்பித் தருவது அடுத்த விதவைக்குப் போகும். 2017 முதல் ரம்பத்தை ஒப்படைப்பவருக்குத் தொழில் தொடங்கப் பணம். அந்தப் பணத்தை அவர்கள் மொழியில் மோடால் என்பார்கள், நம் 'முதல்' என்ற சொல்தான்.

2020இல் வெளியான ஓர் ஆய்வு முதல் பத்தாண்டுகளைக் கணக்குப் பார்த்தது. இதே போன்ற மற்றப் பூங்காக்களோடு ஒப்பிட்டால், இங்கே காடழிப்பு 70 விழுக்காடு குறைந்திருந்தது. எந்த ஊர்க்காரர்கள் மருத்துவமனைக்கு அதிகம் வந்தார்களோ, அந்த ஊரை ஒட்டிய காட்டில்தான் குறைவும் அதிகம். மலேரியாவும் காசநோயும் குறைந்தன.

2014 முதல் இந்தோனேசிய அரசு தேசிய மருத்துவக் காப்பீட்டைக் கொண்டு வந்தது.  செம்பனைத் தோட்டங்கள் பூங்காவின் எல்லை வரை வந்து நிற்கின்றன. படித்த பிள்ளைகள் பொந்தியானாக்குக்குப் போய்விடுகிறார்கள். நடப்பட்ட கன்றுகளில் பல வறட்சித் தீயில் கருகி, மறுபடி நடப்பட்டிருக்கின்றன. ஒரு கன்று காடாக நிமிர எத்தனையோ ஆண்டுகள் ஆகும். மருத்துவமனை வாசலில் இப்போதும் சிலர் கன்றுப் பைகளோடு வரிசையில் நிற்கிறார்கள்.