கைத்தொலைபேசியின் மூலம்: பூட்டிய கோப்புறையும் தமிழ் எழுத்தும்

கைத்தொலைபேசியை 'ரூட்' செய்வது கணினித்துறை மாணவர்களின் விளையாட்டு என்ற எண்ணமே நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் நமக்கு முன் இதே வளாகத்தில் படித்த தமிழ் மாணவர்களின் தலைமுறைக்கு அது விளையாட்டாக மட்டும் இருக்கவில்லை. வீட்டிலிருந்து வந்த தமிழ்ச் செய்தி திரையில் கட்டங் கட்டமாகத் தெரிந்த காலத்தில், அதைப் படிப்பதற்காகவே ரூட் செய்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் உடைத்த பூட்டு எது, அது ஏன் போடப்பட்டது, இன்று சிங்கப்பூரில் அதே பூட்டை உடைத்தால் எதை இழப்போம், உடைத்ததை மீண்டும் ஒட்ட முடியுமா என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் எல்லா அதிகாரமும் பெற்ற கணக்குக்கு 'ரூட்' என்று பெயர். எந்தக் கோப்பையும் திறக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். ஆண்ட்ராய்டின் அடித்தளம் லினக்ஸ் என்பதால் அங்கும் அந்தக் கணக்கு உண்டு. ஆனால் வாங்கியவர் கையில் அது தரப்படுவதில்லை. இதை 'வேர்' என்று மொழிபெயர்த்தால் வேரூன்றுதல் என்று பொருள் மாறிவிடும். மலேசியாவில் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு தேசிய இடைநிலைப் பள்ளிக்குப் போன நான், கணிதத்தில் 'புன்சா குவாசா டுவா' என்றுதான் கற்றேன். அதற்குத் தமிழில் 'வர்க்கமூலம்' என்று பெயர் என்பதைப் பின்னால் அறிந்தபோது, 'மூலம்' என்ற சொல் இங்கும் எவ்வளவு பொருந்துகிறது என்று தோன்றியது. மூலக் கணக்கு, மூல அதிகாரம் என்று சொல்லிப் பாருங்கள். எனினும் புழக்கத்தில் உள்ள ரூட் என்ற சொல்லையே இங்கே பயன்படுத்துகிறேன்.

வீவக வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு எளிதில் விளங்கும். சுவருக்கு விரும்பிய வர்ணம் அடிக்கலாம், அலமாரி வைக்கலாம். ஆனால் கட்டடத்தைத் தாங்கும் சுவரில் கை வைக்க முடியாது. வீடு நம்முடையதுதான், இருந்தும் அந்தச் சுவர் நம்முடையதன்று. கைத்தொலைபேசியிலும் படங்கள், செயலிகள், தொடர்புகள் நம் பகுதி. 'சிஸ்டம்' என்ற பகுதியோ படிக்க மட்டும் உரியது. இந்தத் தடைக்கு நியாயமான காரணம் உண்டு. ஒரு செயலி இன்னொரு செயலியின் தரவை எட்டிப் பார்க்காமல் இருப்பது இந்தப் பிரிவினையால்தான்.

தொடக்கத்தில் பூட்டு அப்படியொன்றும் பலமாக இருக்கவில்லை. 2008இல் வெளிவந்த முதல் ஆண்ட்ராய்டுத் தொலைபேசியான ஜி1இல் ஒரு வேடிக்கையான ஓட்டை இருந்தது. விசைப்பலகையில் எதைத் தட்டினாலும் அது திரைமறைவில் ரூட் கட்டளையாகவும் போய்ச் சேர்ந்தது. 'ரீபூட்' என்று தனியாகத் தட்டி என்டர் அழுத்தினால் தொலைபேசி தானே அணைந்து மீண்டும் எழுந்தது! கூகுள் அதை விரைவில் அடைத்துவிட்டது.

இனி நம் கதைக்கு வருவோம். இணையத்தில் தமிழ் என்றால் சிங்கப்பூரைத் தவிர்த்துப் பேச முடியாது. இங்குள்ள எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி 'கணியன்' எழுத்துருவை உருவாக்கினார். 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்த நான்கு மொழிக் கவிதைத் தளத்தில் தமிழும் இடம்பெற்றது. 1997 மே மாதம் தமிழிணைய மாநாடு இங்கு நடந்தது. 2000இல் உத்தமம் அமைப்பும் இங்கேயே பிறந்தது. அந்த நாள்களில் கணினியில் தமிழ் தெரியவில்லையென்றால் வழி எளிது. எழுத்துருக் கோப்பைப் பதிவிறக்கி, விண்டோசின் எழுத்துருக் கோப்புறையில் போட்டால் போதும். குறியாக்கக் குழப்பம் நிறைய இருந்தது உண்மையே. ஆனால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரு தனிமனிதர் தம் மேசையில் உருவாக்கிய எழுத்துருவை உலகின் எந்த மூலையிலும் ஒருவர் தம் கணினியில் போட்டுக்கொள்ள முடிந்தது.

கைத்தொலைபேசி வந்ததும் அந்தக் கோப்புறைக்குப் பூட்டு விழுந்தது. 2005 பொங்கலன்று மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம், ஒலி 96.8 வானொலியின் துணையோடு சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. தன் எழுத்துருவைத் தானே சுமந்து வந்த செயலி அது. பூட்டைத் தொடாமல் தமிழைக் கொண்டுவந்த அருமையான வழி எனலாம். ஆனால் செயலிக்கு வெளியே, மின்னஞ்சலிலும் செய்தித்தளத்திலும் தொடர்புப் பட்டியலிலும் தமிழ் தெரிய வேண்டுமானால் எழுத்துரு இயங்குதளத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டின் 2.2, 2.3 பதிப்புகளில் அது இல்லை. தமிழ் எழுத்துகள் வெற்றுக் கட்டங்களாகத் தெரிந்தன. எழுத்துருக் கலைஞர்கள் இந்தக் கட்டங்களைத் 'தோஃபு' என்பார்கள். நம் காப்பிக்கடைகளில் கிடைக்கும் அதே வெள்ளைக் கட்டிதான். இங்கேதான் ரூட் தேவைப்பட்டது. அன்று புழங்கிய இசட்4ரூட், சூப்பர்ஒன்கிளிக் போன்ற கருவிகளால் அதிகாரத்தைப் பெற்று, சிஸ்டம் பகுதியை எழுதத் தகுந்ததாக மாற்றி, தமிழ் எழுத்துருவை எழுத்துருக் கோப்புறைக்குள் இட வேண்டும். பிறகு அந்தக் கோப்புக்கு 644 என்ற அனுமதி எண்ணை இட வேண்டும். உரிமையாளர் எழுதலாம், மற்றவர் படிக்க மட்டும் செய்யலாம் என்பது அதன் பொருள். அனுமதி தவறினால் அந்த எழுத்துருவை இயங்குதளத்தால் படிக்க முடியாது. சில வேளைகளில் தொலைபேசி முழுவதும் எழாமல் சின்னத்தையே காட்டிக்கொண்டு நின்றுவிடும்.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது, சிங்கப்பூரில் மட்டும் முழுதாக ருசிக்கக்கூடிய சிக்கல். அந்தப் பதிப்புகளில் எந்தெந்த எழுத்துருக்களை நாட வேண்டும் என்ற பட்டியல் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. புதிய பெயரில் ஒரு கோப்பைப் போட்டால் தொலைபேசி அதைக் கண்டுகொள்ளாது. எனவே பட்டியலின் கடைசியில் இருந்த 'டுரொய்ட் சான்ஸ் ஃபால்பேக்' என்ற கோப்பை எடுத்துவிட்டு, அதே பெயரில் தமிழ் எழுத்துருவை வைத்தார்கள். எடுக்கப்பட்ட அந்தக் கோப்பில் இருந்தவை சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துகள். தமிழ் வந்தது, சீனம் கட்டமாகிவிட்டது! நான்கு அதிகாரத்துவ மொழிகள் கொண்ட நாட்டில், ஒரு மொழி உள்ளே வர இன்னொன்று வெளியேற வேண்டிய தொலைபேசி. இரு எழுத்துருக்களையும் ஒரே கோப்பாக இணைத்தால்தான் இதிலிருந்து தப்ப முடிந்தது.

எழுத்துரு வந்தபின்னும் வேலை முடியவில்லை. யூனிகோடில் 'தெரு' என்ற சொல்லில் த முதலில், ஒற்றைக்கொம்பு பின்னால் சேமிக்கப்படும். திரையில் காட்டும்போது கொம்பை முன்னுக்குக் கொண்டுவருவது எழுத்துச் சீராக்கப் பொறியின் வேலை. அந்தப் பொறி இல்லாத தொலைபேசியில் கொம்பு தகரத்துக்கு வலப்புறம் நின்றது; 'ரு' என்ற எழுத்தும் ரகரம் தனி, உகரக் குறி தனி என்று பிரிந்தது. படிக்கலாம், பல்லைக் கடித்துக்கொண்டு! அதைச் சரிசெய்ய எழுத்தை வரையும் நூலகக் கோப்பையே மாற்ற வேண்டும். அது மாதிரிக்கு மாதிரி வேறுபடும்.

இவ்வளவும் வேண்டாம் என்றவர்களுக்கு ஓபெரா மினி உலாவி கைகொடுத்தது. அதன் மறைவான அமைப்புப் பக்கத்தில் ஒரு தெரிவை மாற்றினால், தமிழ்ப் பக்கங்கள் படமாக வரையப்பட்டு வந்து சேரும். ஆண்ட்ராய்டு 4 வரிசையோடு தமிழ் படிப்படியாக உள்ளேயே வந்துவிட்டது. கூகுள் பின்னர் வெளியிட்ட 'நோட்டோ' எழுத்துருக் குடும்பத்தின் பெயரே 'தோஃபு இனி இல்லை' என்ற பொருளில் வைக்கப்பட்டதுதான்.

அப்படியானால் இன்று ரூட் எதற்கு? எழுத்துக்காக இல்லை, ஆயுளுக்காக. தயாரிப்பாளர் புதுப்பிப்பை நிறுத்திவிட்டால், நல்ல நிலையில் உள்ள தொலைபேசியும் பாதுகாப்பற்றதாகிவிடுகிறது. அப்போது மாற்று நிலைபொருள், அதாவது 'கஸ்டம் ரோம்' உதவும். 2009இல் ஸ்டீவ் கோண்டிக் தொடங்கிய சயனோஜென்மோட் இவற்றுள் புகழ்பெற்றது. 2016 இறுதியில் அதன் நிறுவனம் சேவையை நிறுத்தியபோது, தன்னார்வலர்கள் அதே நிரலைக் கொண்டு லினியேஜ்ஓஎஸ் என்ற பெயரில் தொடர்ந்தனர். மாற்று நிலைபொருளும் ரூட்டும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். லினியேஜ்ஓஎஸ் போட்ட தொலைபேசியில் ரூட் தானாக வருவதில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லிட்டில் இந்தியாவில் என் அறைத்தோழரின் ஊர்க்காரர் ஒருவர் தம் பழைய தொலைபேசியை நீட்டி, "தம்பி, ரொம்ப மெதுவா இருக்கு. வேற சாஃப்ட்வேர் போட்டுக் குடுங்களேன்" என்றார். துவாஸ் பகுதியில் கப்பல் பட்டறை வேலை. "அண்ணே, இதுதான் உங்ககிட்ட இருக்கிற ஒரே போனா?" என்று கேட்டேன். ஆமாம் என்றார். "அப்படின்னா வேணாம்ணே" என்றேன். அவருடைய சம்பளம் வங்கிச் செயலியில் வருகிறது, ஊருக்குப் பணம் செயலியில் போகிறது, அரசாங்க அலுவல்களுக்குச் சிங்பாஸ். ரூட் செய்த கருவியில் சிங்பாஸ் செயலி இயங்காது; வங்கிச் செயலிகள் பலவும் அப்படியே. கூகுளின் 'பிளே இன்டெக்ரிட்டி' என்ற சோதனை பூட்லோடர் திறந்திருக்கிறதா என்று பார்த்துச் செயலிகளுக்குச் சொல்லிவிடும். மறைக்கும் தந்திரங்கள் உண்டு. இன்று பலிப்பது அடுத்த மாதம் பலிக்காது. தங்குவிடுதியில் இருப்பவர் சம்பள நாளில் அதைத் தெரிந்துகொள்ளக் கூடாது. சேமிப்பகத்தை நிறைத்திருந்த 'காலை வணக்கம்' படங்களை அழித்து, மகளின் காணொளிகளை நினைவக அட்டைக்கு மாற்றினோம். வேகம் ஓரளவு திரும்பியது.

இந்தக் கெடுபிடிக்கு இங்கே காரணமும் இருக்கிறது. 2023இல் மலிவு விலை விளம்பரங்களைக் காட்டி ஏபிகே கோப்பை நிறுவச் சொல்லி, வங்கிக் கணக்கைத் துடைத்த மோசடிகள் சிங்கப்பூரில் பெருகின. அவ்வாண்டு ஆகஸ்டில் ஓசிபிசி வங்கி, அதிகாரபூர்வக் கடைக்கு வெளியிலிருந்து வந்த, அபாயமான அனுமதிகள் கொண்ட செயலிகள் இருந்தால் தன் செயலியைத் திறக்க விடாத ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 2024 பிப்ரவரியில் அத்தகைய நிறுவல்களையே தடுக்கும் முன்னோட்டத்தைக் கூகுள் சிங்கப்பூரில் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் அடுத்த அறிவிப்பு: 2026 செப்டம்பர் முதல் பிரேசில், இந்தோனீசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளிலும், சான்றளிக்கப்பட்ட ஆண்ட்ராய்டுக் கருவிகளில் அடையாளம் உறுதிசெய்யப்பட்ட உருவாக்குநர்களின் செயலிகளை மட்டுமே நிறுவ முடியும். விவரமறிந்தவர்களுக்குத் தனி வழி விடப்படும் என்று பின்னர் கூறினார்கள். எனக்கு இரண்டு மனம். மோசடியில் சேமிப்பை இழந்தவரிடம் சுதந்திரம் பேச நா எழாது. ஆனால் சொந்தமாக ஓர் எழுத்துருவோ விசைப்பலகையோ உருவாக்கும் மாணவர், அதை நண்பரின் தொலைபேசியில் போட்டுப் பார்க்கவும் இனி முன்பதிவை நினைக்க வேண்டும்.

உங்களிடம் இரண்டாவது தொலைபேசி, மேசை இழுப்பறையில் தூங்கும் பழையது இருந்தால் அதில் தாராளமாகக் கற்கலாம். மாதிரி எண்ணைக் கடைசி எழுத்துவரை சரிபாருங்கள். ஒரே பெயரில் விற்ற தொலைபேசியில் வட்டாரத்துக்கு ஒரு சில்லு இருக்கும். பூட்லோடரைத் திறக்கும்போது தரவெல்லாம் அழியும் என்பதால் காப்பு நகல் முன்னதாகவே வேண்டும். (பூட்லோடர் என்ற பெயரிலேயே 'பூட்டு' இருப்பது தற்செயல்தான்!) மேஜிஸ்க் என்ற கருவி, சிஸ்டம் பகுதியைத் தொடாமல் தொடக்கப் படிமத்தை மட்டும் திருத்தி ரூட் அளிக்கும். திருத்துவதற்கு முந்தைய அசல் படிமத்தைக் கணினியில் பத்திரப்படுத்துங்கள். திரும்பி வரும் வழி அதுதான். சாம்சங் போன்றவற்றில் ஐஎம்இஐ எண் தொடர்பான இஎஃப்எஸ் பகுதி கெட்டால், தொலைபேசி எழும், ஆனால் அழைப்பு போகாது. முடிந்தால் அதற்கும் ஒரு நகல் எடுங்கள்.

ரூட்டை நீக்குவதில் மூன்று படிகள் உள்ளன. பலர் முதல் படியோடு முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள். மேஜிஸ்க்கை நீக்கி அசல் படிமத்தை மீட்டால் அதிகாரம் போய்விடும், பூட்லோடர் திறந்தே இருக்கும்; கண்டிப்பான செயலிகள் அப்போதும் மறுக்கலாம். அடுத்து, தயாரிப்பாளரின் முழு நிலைபொருளை மீண்டும் ஏற்ற வேண்டும். இருந்ததைவிடப் பழைய பதிப்பை ஏற்றக் கூடாது. பின்னோக்கிப் போவதைத் தடுக்கும் அமைப்பு சில கருவிகளை எழவே விடாது. எல்லாம் அசலாக ஆனபின்தான் பூட்லோடரைப் பூட்ட வேண்டும். மாற்றிய பகுதி ஏதேனும் மிச்சமிருக்கப் பூட்டினால் கையில் இருப்பது கண்ணாடிப் பலகைதான்.

திரும்பாதது ஒன்றும் உண்டு. 2013 முதல் சாம்சங்கின் பல மாதிரிகளில் நாக்ஸ் என்ற பாதுகாப்பின் பகுதியாகச் சில்லுக்குள் ஒரு நுண் உருகி இருக்கிறது. அதிகாரபூர்வமற்ற நிலைபொருள் ஏறியதும் அது எரிந்துவிடும். எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. அதன்பின் சாம்சங்கின் பணம் செலுத்தும் சேவையும் பாதுகாப்புக் கோப்புறையும் அந்தக் கருவியில் வேலை செய்யா. பழைய தொலைபேசியை விற்க எண்ணுவோர் இதை வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும். சிம் லிம் கடைக்காரர்கள் பலர் கேட்பதற்கு முன்பே பார்த்துவிடுவார்கள்.

எல்லாம் முடிந்தபின் சிம் அட்டையைப் போடுவதற்கு முன் *#06# என்று அழுத்துங்கள். திரையில் வரும் ஐஎம்இஐ எண், பெட்டியில் அச்சிட்ட எண்ணோடு பதினைந்து இலக்கமும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள்.